நைனா குடித்த எட்டு டம்ளர்

நைனா முதல் தடவை அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்த நாளில் வீட்டில் இருந்தது இரண்டு பேர்: நைனாவும் அம்மாவும். கல்யாணமாகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட அக்கா இல்லை. அவளுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான நானும் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கார் கதவுக்குப் பொருத்தும் ரப்பரைச் சோதித்து, பழுதானதை ஒதுக்குகிற வேலை எனக்கு. அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட்.

நைனாவுக்கு இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை. வேட்டியைத் துவைத்த அம்மாதான் கண்டுபிடித்தாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, காஞ்சிபுரத்துக்குப் போய்க் காட்டுங்கள் என்றார்கள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர், "குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கணும். மூலமா, கட்டியா, வேற ஏதாவதான்னு பார்க்காம என்னால சொல்ல முடியாது" என்றார்.

அந்த 'வேற ஏதாவது' எங்களுக்குத் தெரியும். என் சித்தப்பாவுக்கு மூலம் என்று ஒரு வருஷம் கைவைத்தியம் பார்த்தோம். அது மூலம் இல்லை.

கேமரா விட வேண்டுமென்றால் குடல் கழுவின பாத்திரம் மாதிரி இருக்க வேண்டும். அதற்கு ஒரு பாக்கெட் தூள். இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியேறிவிடும். கூடவே இரண்டு பக்கச் சீட்டு, இங்கிலீஷில். கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை நான் தமிழில் படித்துச் சொன்னேன். "தெளிந்த திரவ உணவு மட்டும்" என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நைனாவை உள்ளே கூட்டிப் போனார்கள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். திரையில் எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தது.

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமே துன்ல சார்" என்றாள் அம்மா. "வயிறு காஞ்சி போச்சேன்னு கேவுரு கூயு ரெண்டு சொம்பு கரைச்சி குட்த்தேன். அவ்ளோதான்."

டாக்டர் பேனாவால் திரையைத் தொட்டார். "இது குடல் இல்லம்மா. கேழ்வரகு. பாதிக்கு மேல கேமராவே போகல. கட்டி இருந்தாலும் இதுக்கு அடியில எனக்குத் தெரியாது. மறுபடியும் செய்யணும்."

எங்கள் வீட்டில் யாருக்காவது பேதி என்றால் கூழ்தான். சோறு தின்னக்கூடாத வயிற்றுக்குக் கூழ் என்பது அம்மாவுக்குக் கேள்வியே இல்லாத விஷயம். நான் சொன்ன 'தெளிந்த திரவ உணவு' அவளுடைய எந்தச் சட்டியிலும் இல்லாத பொருள். பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்புக் கேள்விக்குப் பதில் எழுதுவதுபோலச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அம்மாமேல் வந்த கோபம் திரை அணைவதற்குள் என்மேல் திரும்பிவிட்டது.

கிளம்பும்போது அந்த அறையில் வேலை செய்யும் சிஸ்டர் என்னைத் தனியாக நிறுத்தினார். ஐம்பது வயது இருக்கும். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இரும்பு மாத்திரை போடறாரா?"

"போடறார் சிஸ்டர்."

"அதை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். அது உள்ள தார் மாதிரி ஒட்டிக்கும். யாரும் சொல்லலையா? சரி. மருந்து மொத்தமும் குடிச்சாரா?"

"குடிச்சேன்னு சொன்னார்."

"சொன்னார்! நீ பார்த்தியா? ராத்திரி எத்தனை மணிக்கு முடிச்சார்? வீட்ல டாய்லெட் இருக்கா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் "இருக்கு" என்றேன். அது பாதிப் பொய்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரசாங்கத் திட்டத்தில் கட்டின கக்கூஸ் ஒன்று இருக்கிறது. கட்டி முடித்து, அதன் முன்னால் நைனாவை நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று மாலையே நைனா அதைப் பூட்டிவிட்டார். சிமென்ட் கூரை, இரும்புக் கதவு, எலி நுழைய இடமில்லை. விதை வேர்க்கடலை வைக்க எங்கள் வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. நான்கு மூட்டை, மருந்தடிக்கிற டேங்க், பழைய மோட்டார். சாவி நைனாவின் அரைஞாண் கயிற்றில். அவர் போவது ஏரிக்கரைக்கு. பிறந்ததிலிருந்து அங்கேதான்.

நைனா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"ஒரு தபா மானம் போனது போதும். இன்னொரு தபா அங்க இட்டுகினு போவ நெனச்சா நான் கயனிக்கே போயி படுத்துக்குவேன்."

"சித்தப்பாவும் இப்டிதான் சொன்னார் நைனா."

"அவன் செத்தான். நானும் செத்தா சாவறேன். நீ இன்னா பண்ணப் போற?"

கம்பெனியில் ஒரு பாகம் பழுதாக வந்தால், யார் செய்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே தவறியது என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள். நான் நைனாவோடு வாதாடவில்லை. அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போனபோது, மருந்து மொத்தமும் குடித்தாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அவரையே கேளு" என்றாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி வாங்கினேன். பத்து நாள் தள்ளிக் கொடுத்தார்கள். காலை எட்டு மணி என்றார் சிஸ்டர்.

"கடைசி ஆளாப் போட முடியுமா சிஸ்டர்? பன்னெண்டு மணிக்கு?"

"எல்லாரும் என்னைத்தான் முதல்ல கூப்பிடணும்னு சண்டை போடுவாங்க. நீ என்னப்பா கடைசி கேக்கறே?"

சீட்டை நான் முந்தின ராத்திரி நான்கு தடவை படித்திருந்தேன். அதில் ஓர் ஓரத்தில், மருந்தைப் பாதி முந்தின நாள் மாலையும் பாதி அன்று காலையும் குடிப்பது மேல் என்று இருந்தது. எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால் காலைப் பாதியை எப்போது குடிப்பது? குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பஸ்ஸில் எப்படி வருவது? அதனால்தான் போன தடவை எல்லாவற்றையும் ராத்திரியே முடிக்கச் சொன்னேன் என்று விளக்கினேன்.

"ராத்திரி கழுவி வச்சா, காலைக்குள்ள மேல இருந்து பித்தநீர் இறங்கி மறுபடியும் பூசிக்கும். காலையில குடிக்கறதுதான் கடைசிக் கழுவு. தூரத்துல இருந்து வர்றவங்க அதைத்தான் விட்டுடுவாங்க" என்றார் சிஸ்டர். "சரி, பன்னெண்டு. காலை ஏழரைக்குள்ள முடிச்சிடணும். அப்புறம் சொட்டுத் தண்ணி கூடாது. இன்னொண்ணு, கடைசியா என்ன நிறத்துல வருதுன்னு நீ பார்க்கணும். அவர் சொல்றத நம்பாதே."

இரும்பு மாத்திரையை அன்றைக்கே எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். கம்பெனியில் மூன்று நாள் லீவு சொன்னேன், சம்பளம் இல்லாத லீவு.

லீவின் முதல் நாள் காலையில் நைனாவிடம் சாவி கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"வெதைய எடுத்துட்டு கக்கூஸைக் கழுவணும்."

"வெதைய எங்க வெப்ப, உன் தலைமேலயா?"

"என் கட்டில்ல."

"நீ எங்க படுப்ப?"

"தரையில."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவியைத் தரவில்லை. ஆனால் அவரே வந்து பூட்டைத் திறந்தார். மூட்டையை நான் இழுத்துக் கிழித்துவிடுவேன் என்ற பயம். நான்கு மூட்டைகளையும் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து என் கட்டிலில் அடுக்கினோம்.

உள்ளே பீங்கான் கோப்பை முழுக்கச் சிமென்ட். வேலை முடிந்த கொத்தனார் மிச்சச் சாந்தை அதிலேயே கழுவி ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் குந்தி உட்கார்ந்து, கோப்பை உடையாமல் சின்ன உளியால் பொட்டுப் பொட்டாகத் தட்டி எடுத்தேன். கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நைனா, நான் திரும்பாமல் இருந்ததாலோ என்னவோ, பேச ஆரம்பித்தார்.

"நாலு டம்ளருதான்டா குட்ச்சேன்."

நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

"மிச்சத்த வாய மரத்துக்கு அடியில ஊத்திட்டேன். பொயுது இருக்கச் சொல்ல ஆரம்பிச்சிச்சி. ஏரிக்கு போனா பால் சொசைட்டிய தாண்டிதான போவணும்? அஞ்சாவது தபா போறேன், அந்த மீசக்காரன் கத்தறான், 'இன்னா மாமா, ஏரிய சர்வே எட்த்துகினு கீறியா?'ன்னு. அல்லாரும் சிரிக்கறானுங்க. எண்ணிகினு கீறானுங்கடா! அறுவது வயசுல வேட்டிய கைல புட்ச்சிகினு ஓட சொல்றியா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. ரத்தத்துக்கும் சாவுக்கும் பயப்படாத மனுஷன், பால் ஊற்ற வந்த நான்கு பேர் எண்ணுவதற்குப் பயந்து மருந்தைக் கொட்டியிருக்கிறார். ஆங்கிலச் சீட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. நானும் கேட்கவில்லை.

"இந்த தடவை ரோட்டுக்கே போக வேணாம் நைனா. வீட்டுப் பின்னாடி பத்து அடி."

"அதுல தாப்பா எங்க கீது? வெளியதான கீது."

உண்மைதான். கட்டினவர்கள் வெளியே மட்டும் கொண்டி வைத்திருந்தார்கள். உத்திரமேரூர் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து உள்பக்கம் பொருத்தினேன். நைனா உள்ளே போய்ச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். வெளியே வந்து, "சரி, பாக்கலாம்" என்றார். அதற்குமேல் அவரிடம் நான் கேட்கவில்லை.

அடுத்த பாடு அம்மாவிடம். கடைசி இரண்டு நாள் நார் இல்லாத, விதை இல்லாத சாப்பாடு.

"கீர வாணாம், கேவுரு வாணாம், கொய்யா வாணாம், தக்காளி வாணாம், கத்திரிக்கா வாணாம். அப்ப இன்னாதான்டா துன்னுவாரு?"

"வெள்ளைச் சோறு, தயிர், இட்லி, ரவைக் கஞ்சி."

"ரத்தம் கொறைஞ்ச ஆளுக்கு சத்தானதெல்லாம் வாணாமா? இது எந்த ஊரு வைத்தியம்?"

"ரெண்டு நாளைக்குத்தான்மா."

கடைசி நாள் அதுவும் கிடையாது; குடிக்கிறது மட்டும். இந்தத் தடவை 'தெளிந்த திரவம்' என்று நான் சொல்லவில்லை. விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடி கிளாஸை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இதுல ஊத்து. அந்தப் பக்கம் விரலை வை. விரல் தெரிஞ்சா நைனா குடிக்கலாம். தெரியலன்னா கூடாது."

அது அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது. அடுப்படியில் இருந்த ஒவ்வொன்றையும் ஊற்றிப் பார்த்தாள். இளநீரில் விரல் தெரிந்தது. மோரில் தெரியவில்லை. பால் ஊற்றாத டீயில் தெரிந்தது. வடிகஞ்சியை ஊற்றிப் பார்த்து, "பெயிலு" என்றாள். கூழைக் கரைத்து ஊற்றிவிட்டு, விரலை வைத்து, கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலுமிச்சை ஜூஸை மட்டும் துணியில் வடிகட்டி மறுபடி சோதித்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கூயு குட்த்திருப்பனா?"

"என் தப்புதாம்மா."

முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். தூளை மதியமே கலக்கிப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்தேன். சில்லென்று இருந்தால் இறங்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஒரு லிட்டருக்கு நான்கு டம்ளர், கால் மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடக்க வேண்டும்.

"உப்பு போட்ட சோப்புத் தண்ணிடா இது" என்றார் நைனா முதல் டம்ளரில்.

"மூக்கைப் புடிச்சுக்க. குடிச்சதும் எலுமிச்சைத் துண்டை நக்கு."

"உனக்கு ஒரு டம்ளர் ஊத்தட்டா? தொணைக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே நைனா."

"எனக்கும் இல்லன்னுதான் நான் சொல்லிகினு கீறேன். எவன் கேக்கறான்?"

ஆனாலும் குடித்தார். நான்கும் குடித்தார். ஏழு மணிக்கு மேல் தாழ்ப்பாள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு குடம் தண்ணீரை நான் நிரப்பிக்கொண்டே இருந்தேன். ஒன்பது மணிக்குப் படுத்தார்.

காலை ஐந்தரைக்கு எழுப்பியபோதுதான் சிக்கல். இரண்டு டம்ளர் போனது. மூன்றாவதில் பாதி குடித்தவர் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாந்தி எடுத்தார். கண்ணில் தண்ணீர்.

"போதும்டா. எல்லாம் போயிட்ச்சி. உள்ள ஒண்ணும் இல்ல."

"என்ன கலர்ல போச்சு?"

"தண்ணியாதான் போச்சி."

"நான் பார்க்கணும் நைனா."

"நீ பாக்கக் கூடாது."

அதில் அவர் அசையவில்லை. அவர் வெளியே வருவதற்கு முன்னாலேயே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறந்தார். மணி ஆறே கால். ஏழரைக்குள் முடிக்க வேண்டும். அவர் சொன்னது உண்மையாக இருந்தால் நான் வீணாக அவரை வதைக்கிறேன். பொய்யாக இருந்தால் மறுபடி பழுப்புத் திரை, மூன்றாம் தடவைக்கு இந்த மனுஷன் வரமாட்டார்.

அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"இந்தாயா, எனக்கு இன்னா வெக்கம்? உன்ன கட்டிகினு முப்பத்தஞ்சு வருசம் ஆவுது. தண்ணி ஊத்தாத வா. நான் பாக்கறேன்."

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அடுத்த தடவை அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்:

"ரசம் மாதிரி கீது. அடியில தூளு கூட கீது."

"அப்ப இன்னும் குடிக்கணும்."

அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தேன். நாற்காலியில் உட்கார வைத்து முதுகைத் தேய்த்துவிட்டேன். பிறகு டம்ளராக இல்லாமல் இளநீர் உறிஞ்சுகிற குழாயைப் போட்டு, நாக்குக்குப் பின்னால் போகிற மாதிரி மெதுவாகக் குடிக்கச் சொன்னேன். மூன்றாவதை முடித்தார். நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு அப்புறம் ஒண்ணும் தெரியலன்னு அந்த டாக்டர் சொன்னா?"

"சொல்ல மாட்டார்."

"சொன்னா?"

"சொன்னா இனிமே நான் உன்னைக் கூப்பிட மாட்டேன் நைனா."

அவர் குடித்தார். ஏழரைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா இரண்டு தடவை உள்ளே போனாள். முதல் தடவை, "டீ டிகாசன்" என்றாள். இரண்டாம் தடவை வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"எலுமிச்சம்பய ஜூஸுடா. வெரல் வெச்சா தெரியும்."

"வெச்சுப் பாத்தியாம்மா?"

"சீ, போடா!"

நைனாகூடச் சிரித்துவிட்டார்.

வழியில் அவசரம் வந்தால் நிறுத்த வேண்டுமே என்று, நான் முந்தின நாள் காலையிலேயே இரவல் பைக்கில் போய்க் காஞ்சிபுரம் வரைக்கும் பெட்ரோல் பங்குகளைப் பார்த்து வந்திருந்தேன். எது திறந்திருக்கிறது, எதில் தண்ணீர் வருகிறது, எதில் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தேன். தெரிந்தவர் ஆட்டோ பிடித்து ஒன்பதரைக்குக் கிளம்பினோம். மாகறல் தாண்டி ஒரே ஒரு தடவை நிறுத்தச் சொன்னார். ஓரிக்கை பாலத்தில் காற்று அடித்ததும் தூங்கிவிட்டார். அம்மா அவர் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு உள்ளே போனார். போன தடவை போலக் கால் மணி நேரத்தில் யாரும் கூப்பிடவில்லை. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. சீக்கிரம் கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம். சிஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"தம்பி, யார் தயார் பண்ணது? கண்ணாடி மாதிரி இருக்கு."

டாக்டர் திரையைக் காட்டினார். இளஞ்சிவப்பாக, ஈரமாக, உள்ளங்கையைப் போன்ற குடல். அதன் கடைசிக் கோடியில், போன தடவை கேமரா போகவே முடியாத இடத்தில், ஒரு மடிப்புக்குப் பின்னால், சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. காம்போடு இருந்தது. அதை அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"இது எங்க ஒளிஞ்சிருக்கு பாருங்க. கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் விட்டிருப்பேன்" என்றார் டாக்டர். "சோதனைக்கு அனுப்பறேன். ஒரு வாரம் ஆகும்."

அந்த ஒரு வாரம் நைனா வழக்கம்போலக் கழனிக்குப் போனார். பால் சொசைட்டி பக்கம் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனார் என்று அம்மா சொன்னாள். நான் ராத்திரி ஷிப்டிலும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அதற்குச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

ரிசல்ட் வாங்க நானும் நைனாவும் மட்டும் போனோம். டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "புற்று இல்லை. விட்டிருந்தா சில வருஷத்துல அப்படி ஆகியிருக்கும். முழுசா எடுத்தாச்சு. மூணு வருஷம் கழிச்சு ஒரு தடவை பார்க்கணும்."

"அப்பவும் அந்தத் தண்ணி குடிக்கணுமா சார்?" என்றார் நைனா.

"ஆமா."

"எட்டு டம்ளரும்?"

"எட்டும்."

நைனா என் பக்கம் திரும்பினார். "டேய், அந்த சீட்ட பத்திரமா வெய்யி" என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். இத்தனை நாள் மறைத்ததற்கு அவள் போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்லா கீறேன்மா, நல்லா கீறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், "மொத்தம் எவ்ளோடா ஆச்சி? கொறைச்சி சொல்லாத" என்றார். நான் குறைக்கவில்லை. வீணாய்ப் போன முதல் பரிசோதனை, இரண்டாவது, கட்டியை எடுத்தது, அதைச் சோதித்தது, இரண்டு மருந்து பாக்கெட், ஆட்டோ, என் மூன்று நாள் சம்பளம் எல்லாம் சேர்த்து இருபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.